முப்பத்தோராம் அடிக்குறிப்பு

அன்னாளுக்கு ஆண்டவர் கொடுத்த சொத்து அவள் குரல். நெய்வேலி டவுன்ஷிப்பில் அவள் பிளாக் மாதா கோயிலில் மைக் மக்கர் பண்ணினால் யாரும் பதறமாட்டார்கள். "அன்னாளைக் கூப்பிடுங்கப்பா" என்பார்கள், அவ்வளவுதான். கடைசி பெஞ்சு என்ன, வெளியே சைக்கிள் ஸ்டாண்டில் நிற்பவனுக்கும் கேட்கும்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நவநாள் ஜெபத்தில் மன்றாட்டு வாசிப்பது பதினோரு வருஷமாக அவள் பொறுப்பு. குறை உள்ளவர்கள் வந்து அவளிடம் சொல்வார்கள். அவள் நீள நோட்டில் எழுதிக்கொண்டு, பீடத்துக்குப் பக்கத்தில் நின்று படிப்பாள். ஒவ்வொன்றின் முடிவிலும் கோயில் மொத்தமும் "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று முழங்கும்.

மற்ற ஊர்க் கோயில்களிலும் வாசிப்பார்கள். "ஒரு சகோதரிக்காக, ஒரு நோயாளிக்காக" என்று மொட்டையாக வாசித்துவிட்டுப் போவார்கள். அன்னாளுக்கு அது ஆகாது. பெயர், பிளாக், குவார்ட்டர்ஸ் நம்பர், நோய், ஆஸ்பத்திரி, வார்டு, ஆபரேஷன் தேதி என்று ஒன்று விடமாட்டாள். "இந்த ஊர்ல லூர்துமேரின்னு மட்டும் முப்பது பேரு இருக்காங்க. எந்த லூர்துமேரின்னு ஆண்டவர் தேடிக்கினு இருப்பாரா? விலாசம் கரெக்டா இருக்கணும்" என்பாள். அவள் கணவர் ஆரோக்கியதாஸ் மைன்ஸில் ஷிப்ட் பார்ப்பவர். "கடவுளுக்கே போஸ்ட்மேன் வேல பாக்குறா எம் பொண்டாட்டி" என்று கிண்டல் செய்வார். அன்னாளுக்கு அது கிண்டலாகவே படவில்லை. பெருமையாகத்தான் இருந்தது.

அந்தப் பெருமைக்கு அடி விழுந்தது இரண்டாயிரத்துப் பதினான்கில்.

அடி வாங்கியவன் ஜாஸ்பர். இந்தக் கதையில் அவனுக்கு அப்படிப் பெயர். நிஜப் பெயர் அதுவல்ல. அவன் குடியிருந்தது வடக்குத்து என்று சொல்லப்போகிறோம், அதுவும் அல்ல. மனைவி பெயர், பார்த்த வேலை, பிறகு செய்த தொழில் எல்லாமே மாற்றித்தான் இங்கே வருகின்றன. அவனுக்கு என்ன நோய் என்பது கடைசி வரி வரைக்கும் வராது. இப்போதே தேட ஆரம்பிக்காதீர்கள். காரணம் போகப்போகத் தெரியும்.

ஜாஸ்பர் ஒரு தனியார் கான்ட்ராக்டரிடம் சுரங்க வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான். முப்பது வயது. வாய் நிறைய "அக்கா, அக்கா" என்று அன்னாளைச் சுற்றிவருவான். கிறிஸ்துமஸுக்கு அவள் வீட்டில் ஸ்டார் கட்டுவது அவன்தான். டாக்டர் ஒரு நோயைச் சொன்னதும் அவன் யாரிடமும் மூச்சு விடவில்லை. மருந்து சாப்பிட்டால் போதும், வேலை பார்க்கலாம் என்று டாக்டரே சொல்லியிருந்தார். ஆனால் அவன் மனைவி ஆனிக்கு மனசு தாங்கவில்லை. கோயில் வாசலில் அன்னாளின் கையைப் பிடித்துக்கொண்டு, காதோடு சொல்லி அழுதாள். "வேண்டிக்கோங்கக்கா" என்றாள். அன்னாளும் கூடவே அழுதாள். அழுதுகொண்டே நோட்டில் எழுதினாள்.

வெள்ளிக்கிழமை ஏழாவது பெஞ்சில் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு ஜாஸ்பர் உட்கார்ந்திருந்தான். அவன் பெயர், தெரு, நோய், மாத்திரை வாங்கும் ஆஸ்பத்திரி, எல்லாம் அன்னாளின் வெண்கலக் குரலில் வந்தன. கோயில் முழங்கியது. ஜாஸ்பர் தலையைத் தூக்கி அவளைப் பார்த்தான். அவ்வளவுதான், பிறகு குனிந்துகொண்டான்.

அவனுக்கு இரண்டு பெஞ்சு பின்னால் கான்ட்ராக்டரின் சூப்பர்வைசர் ஆனந்த்ராஜ் இருந்தார். கெட்டவர் என்று சொல்லமுடியாது. கையைக் கூப்பி, கண்ணை மூடி, ஜாஸ்பருக்காக உருக்கமாகத்தான் வேண்டினார். திங்கட்கிழமை அதே உருக்கத்தோடு கான்ட்ராக்டரிடம் போய்ச் சொன்னார். "உடம்பைப் பாத்துக்கப்பா, அப்புறமா வா" என்று ஜாஸ்பருக்கு உத்தரவு வந்தது. அந்த அப்புறம் வரவேயில்லை. சுரங்கத்துக்குள் போகும் கேட் பாஸ் புதுப்பிக்கப்படவில்லை. அடுத்த மாதமே புருஷனும் மனைவியுமாக வடக்குத்து ரோட்டோரத்தில் இட்லிக்கடை போட்டார்கள்.

அன்னாள் மூன்று நாள் சோறு இறங்காமல் கிடந்தாள். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது அவளுக்கு. மன்னிப்புக் கேட்கப் போனாள். ஜாஸ்பர் திட்டவில்லை. "வாங்க, உக்காருங்க" என்று இரண்டு இட்லி வைத்தான். 'அக்கா' மட்டும் வரவில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் ஞானப்பிரகாசம் அண்ணன் ஆட்டோவில் போய் அங்கே இரண்டு இட்லி சாப்பிட்டு வருவாள். அவன் வைப்பான், இவள் சாப்பிடுவாள். பேச்சு கிடையாது.

இதற்காக நோட்டை மூடினாளா என்றால், இல்லை. "சனங்க சொல்லச் சொல்றாங்க, நான் சொல்றேன். கேட்டவன் செஞ்ச தப்புக்கு நான் என்ன பண்ணுவேன்?" என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டு வாசித்தபடிதான் இருந்தாள். அவள் அப்படித்தான்.

இரண்டு வருஷம் கழித்து, மே மாத லீவில் எதிர் குவார்ட்டர்ஸ் வினோலியா வந்து நின்றாள். பெங்களூரில் சட்டத்தில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த பெண். சின்ன வயதில் அன்னாளிடம் ஞாயிற்றுக்கிழமை ஞானோபதேசம் படித்தவள்தான். ஏகப்பட்ட கேள்வி கேட்டு உயிரை எடுப்பாள்.

"ஆன்ட்டி, உங்க மன்றாட்டு நோட்டெல்லாம் இருக்கா?"

"பதினோரு நோட்டும் இருக்கு. எதுக்கு பாப்பா?"

"நம்மளப் பத்தின தகவலுக்கு ஒரு பாதுகாப்புச் சட்டம் வேணும்னு நாடு முழுக்கப் பேசிட்டிருக்காங்க. எல்லாரும் கம்ப்யூட்டர், பேங்க், செல்போன்னு ஆராய்ச்சி பண்றாங்க. ஒரு விஷயத்துக்காக ஒருத்தர்கிட்ட சொன்னது இன்னொரு விஷயத்துக்காக இன்னொருத்தர்கிட்ட எப்படிப் போவுதுன்னு நான் உங்க நோட்டுல பாக்கணும்."

அன்னாளுக்குத் தலைகால் புரியவில்லை. தன் கையெழுத்து பெங்களூர் போகப்போகிறது! பதினோரு நோட்டையும் தூசி தட்டி, துணிப்பையில் போட்டு நீட்டினாள். வினோலியா கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"இப்ப வேணாம் ஆன்ட்டி. இதுல இருக்கிற ஒவ்வொருத்தர்கிட்டயும் கேக்கணும். சரின்னு சொன்னவங்க பக்கத்த மட்டும் நீங்க எனக்குப் படிச்சுக் காட்டுங்க."

"அடிப்பாவி, ஊரே கேக்க மைக்ல படிச்சதுதானே? இதுல என்னடி ரகசியம்?"

"சாமிகிட்ட சொன்னாங்க ஆன்ட்டி. ஆனந்த்ராஜ் அங்கிள்கிட்ட சொல்லல."

அன்னாள் பையைக் கீழே வைத்தாள். ஜாஸ்பர் விஷயம் ஊருக்கே தெரியும், வினோலியாவுக்குத் தெரியாதா என்ன. ஆனாலும் இப்படி ஒருவரும் அன்னாளிடம் சொன்னதில்லை. வினோலியா விடவில்லை.

"ஃபாதர்கிட்ட பாவசங்கீர்த்தனம் பண்றீங்க. அவர் வெளிய போய் அத நல்ல மனசோடவே ஒருத்தர்கிட்ட சொன்னா?"

"ஐயையோ! அது எப்படி சொல்லுவாரு? பெரிய துரோகமில்ல அது!"

"அப்ப, உங்க நோட்டு?"

அன்னாள் எழுந்து உள்ளே போய் காபி போட்டாள். காபி போட அவ்வளவு நேரம் ஆகாது. திரும்பி வரும்போது கண் சிவந்திருந்தது. "எல்லார் வூட்டுக்கும் நானே கூட்டிக்கினு போறேன்" என்றாள்.

இருநூற்றுப் பதினான்கு பேர். இரண்டு மே மாதங்கள். கத்திரி வெயிலில் வினோலியா ஸ்கூட்டி ஓட்ட, அன்னாள் குடையோடு பின்னால் உட்கார்ந்து வழி சொன்னாள். ஒவ்வொரு வீட்டிலும் வினோலியா செருப்பைக் கழற்றி, தரையில் உட்கார்ந்து, எதற்காகக் கேட்கிறாள், என்ன எழுதுவாள், என்ன எழுதமாட்டாள் என்று தமிழில் பொறுமையாகச் சொல்வாள். முந்நூறு பக்கம் இங்கிலீஷில் எழுதுகிற பெண், எழுதப்படிக்கத் தெரியாத வள்ளியம்மாளிடம் முக்கால் மணி நேரம் உட்கார்ந்து விளக்கியதைப் பார்த்தபோது, தனக்கு இப்படி ஒரு மகள் பிறக்கவில்லையே என்று அன்னாளுக்கு ஏக்கமாகிவிட்டது.

திருநெல்வேலிப் பக்கத்து சுப்புலட்சுமி, இன்ஜினியர் மனைவி, சாமி எதுவானாலும் சாமிதான் என்று வெள்ளிக்கிழமை தவறாமல் நவநாளுக்கு வருகிறவள். மகன் கல்யாணத்துக்காக எட்டு முறை மன்றாட்டு எழுதியிருந்தாள். சம்மதக் காகிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டு, "என் பேரப் போட்டுராத தாயி. ஆனா வெங்கடேசுக்குப் பொண்ணு பாக்கோம்னு மட்டும் போடு, யாராவது படிச்சிட்டு வரட்டும்" என்றாள். வினோலியா சிரிப்பை அடக்கிக்கொண்டு, அது முடியாது என்பதையும் மரியாதையாகவே விளக்கினாள்.

குள்ளஞ்சாவடியில் மருதமுத்து வீட்டைக் கண்டுபிடிக்க ஒன்றரை மணி நேரம் அலைந்தார்கள். எல்லாம் கேட்டுவிட்டு மனிதர் ஒரே வார்த்தையில் "வாணாம்மா" என்று சொல்லிவிட்டார். வினோலியா "சரிங்கய்யா, ரொம்ப நன்றி" என்று பட்டியலில் கோடு போட்டுவிட்டு எழுந்தாள். வெளியே வந்ததும் அன்னாள் வெடித்தாள்.

"இம்மாந் தூரம் வெயில்ல வந்ததுக்கு ஒரு கையெழுத்து போட்டா என்ன கொறஞ்சிடும் அந்தாளுக்கு?"

"வேணாம்னு சொல்ற உரிமை அவருக்கு இருக்கான்னு பாக்கத்தானே ஆன்ட்டி வந்தோம். இருக்கு. எனக்கு சந்தோஷமா இருக்கு."

வெயில் மண்டையில் ஏறிவிட்டது போலிருக்கிறது என்றுதான் அன்னாள் முதலில் நினைத்தாள். ஆனால் முகத்தைப் பார்த்தால் அந்தப் பெண் நிஜமாகவே சந்தோஷமாக இருந்தாள். இப்படியும் ஒரு படிப்பா என்று அன்னாளுக்கு ஆச்சரியம்.

கடைசியில் பட்டியலில் மிஞ்சியது ஒரே பெயர்.

ஜாஸ்பர் கதையை அன்னாள் முன்னாலேயே வினோலியாவிடம் கொட்டிவிட்டிருந்தாள். அதை அவள் பதினோரு பக்கம் குறிப்பாக எழுதி வைத்திருந்தாள். பேர் ஊர் எதுவும் இல்லாமல், இப்படி ஒன்று நடந்தது என்று மட்டும் சொன்னதற்கே அவளுடைய பெங்களூர்ப் பேராசிரியர் துள்ளிக் குதித்தாராம். மற்ற இருநூறு பேருக்கும் சங்கடம்தான் நேர்ந்தது, இவனுக்குத்தான் வேலையே போயிருக்கிறது; இது இல்லாவிட்டால் ஆய்வே உப்புச்சப்பில்லாமல் போகும், யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அன்னாளுக்கும் அது அச்சில் வரவேண்டும் என்று ஒரே தவிப்பு. தான் செய்த பாவம் எழுத்தில் ஏறிவிட்டால், நாலு பேர் படித்து நியாயம் பேசினால், ஜாஸ்பர் மனசு ஆறும், மறுபடி அக்கா என்று கூப்பிடுவான் என்று அவள் கணக்குப் போட்டு வைத்திருந்தாள்.

மத்தியானம், கடையில் கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்துப் போனார்கள். வினோலியா எல்லோரிடமும் சொன்னதையே அவனிடமும் சொன்னாள். ஆனி தோசைக்கல்லைத் துடைப்பதை நிறுத்திவிட்டு நின்றாள். ஜாஸ்பர் தரையைப் பார்த்தபடியே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டான்.

"ஒரு தடவ படிச்சீங்க. போதும்."

வினோலியாவிடம் சொல்லவில்லை. அன்னாளைப் பார்த்துத்தான் சொன்னான். அன்னாளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"தம்பி, உனக்கு நியாயம் கெடைக்கும்டா. ஜட்ஜெல்லாம் படிப்பாங்களாம்."

"இப்பதான் நாலு பேரு நோயப் பத்திக் கேக்காம இட்லி சாப்ட்டு போறாங்க. இத வுட்டுடுங்க."

வினோலியா பையைத் திறந்து அந்தப் பதினோரு பக்கத்தையும் எடுத்து, அவன் கையில் கொடுத்தாள். "உங்களப் பத்தி நான் எழுதினது இவ்வளவுதாண்ணா. இது உங்களோடது. வேற காப்பி இல்ல, கம்ப்யூட்டர்ல ஏத்தல."

ஜாஸ்பர் முதல் பக்கத்தை மட்டும் பார்த்தான். பிறகு மொத்தத்தையும் இட்லிப் பானைக்கு அடியில், அடுப்பில் செருகினான். தீ குப்பென்று பிடித்து அடங்கியது.

திரும்பி வரும் வழியில், டவுன்ஷிப் ஆர்ச் கேட் அருகே அன்னாள் வினோலியாவின் முதுகில் தட்டி ஸ்கூட்டியை நிறுத்தச் சொன்னாள்.

"பைத்தியமாடி நீ? ரெண்டு வருசம் நாயா அலைஞ்சமே! பேர மாத்திப் போட்டா யாருக்குத் தெரியப் போவுது?"

"சரி ஆன்ட்டி. சுரங்கத்துல கான்ட்ராக்ட் வேல, கோயில்ல நோயப் படிச்சாங்க, வேல போச்சு, இப்ப இட்லிக்கடை. பேரே போடல. யாருன்னு உங்களுக்குத் தெரியுமா?"



"ஊருக்கே தெரியும்" என்று அன்னாள் முனகினாள்.

"அவரு வேணாம்னு சொன்னப்புறம் நான் எழுதினா, நான் கேக்கிற சட்டத்த மொதல்ல மீறுறது நான்தான்."

எத்தனையோ பேர் மேடையில் நியாயம் பேசிக் கேட்டிருக்கிறாள் அன்னாள். பேசிய நியாயம் தன் தலையிலேயே வந்து விழும்போது குனிந்து வாங்கிக்கொண்ட ஆளை அன்றுதான் பார்த்தாள். குடையை மடக்கிவிட்டு, நடுரோடு என்றும் பாராமல், அந்தப் பெண்ணின் நெற்றியில் சிலுவை வரைந்தாள்.

அந்த ஆகஸ்டில் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று டெல்லியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. டிவியில் அதைக் கேட்டுவிட்டு அன்னாள் தெருவில் எல்லோருக்கும் சாக்லேட் கொடுத்தாள், தானே வழக்கு நடத்திய மாதிரி. அடுத்த வருஷம் வினோலியாவின் கட்டுரை வெளிவந்தது. நோய் தெரிந்து வேலை போன கதை அதில் இல்லை. ஒருத்தரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள் என்று பேராசிரியர் சொன்னாரே, நடந்தது தலைகீழ். திரும்பிப் பார்க்க வைத்தது ஒரு பக்கத்தின் அடியில், பொடி எழுத்தில், முப்பத்தொன்று என்று நம்பர் போட்டிருந்த ஒரு குறிப்பு. ஆரோக்கியதாஸ் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தடுமாறித் தடுமாறித் தமிழில் சொல்ல, அன்னாள் அதை ஜெபம் போல மனப்பாடம் செய்துகொண்டாள்:

'இந்த ஊரில் இன்னொரு சம்பவம் நடந்தது. இந்த ஆய்வுக்கு அதைவிட வலுவான சான்று கிடையாது. ஆய்வாளருக்கு அது தெரியும். உரியவர் சம்மதிக்கவில்லை. ஆகவே அது இங்கே இல்லை.'

அந்த ஐந்து வரியைச் சட்டக் கல்லூரிகளில் பாடமாக நடத்துகிறார்களாம். சட்டம் எழுத உட்கார்ந்தவர்களின் அறிக்கை ஒன்றில் அதை எடுத்துப் போட்டிருக்கிறார்களாம். வெளிநாட்டுக்காரன் எவனோ அதைப் பற்றியே தனிக் கட்டுரை எழுதினானாம். வினோலியாவின் அம்மா போனில் கேட்டு வந்து சொல்லச் சொல்ல, அன்னாளுக்கு உச்சி குளிர்ந்தது. "நம்ம பிளாக் பொண்ணு! நம்ம பிளாக் பொண்ணு!" என்று மார்க்கெட்டில் கத்திரிக்காய்க்காரியிடம்கூடச் சொன்னாள்.

கோயில் நோட்டும் மாறிவிட்டது. 'சத்தமாகப் படிக்கலாமா' என்று ஒரு கட்டம் போட்டாள் அன்னாள். வேண்டாம் என்றவர்களுக்கு, "மனப் பாரத்தோடு வந்திருக்கும் ஒன்பது பேருக்காக" என்பதோடு நிறுத்திக்கொண்டாள். அதற்கும் சண்டைக்கு வந்தார்கள். சந்திரகலா, "எம் முட்டி வலியக் கட்டாயம் படிங்க, யாருமே வந்து வெசாரிக்க மாட்டேங்குறாங்க" என்று அடம்பிடித்தாள். அவள் முட்டி வலி மட்டும் இன்றுவரைக்கும் பிளாக், நம்பரோடு ஒலிக்கிறது.

இரண்டாயிரத்துப் பத்தொன்பதில் ஒரு சனிக்கிழமை காலை, சென்னையிலிருந்து சண்முகப்ரியா என்று ஒரு பேராசிரியை காரில் வந்து இறங்கினாள். வினோலியாவின் கட்டுரையைப் பற்றிப் புத்தகம் எழுதுகிறாளாம். நோட்டு எழுதிய அம்மா யார் என்று விசாரித்துக்கொண்டு நேராக அன்னாள் வீட்டுக்கு வந்துவிட்டாள். நல்ல பெண்தான், மரியாதை தெரிந்தவள். சாப்பிடாமல் வந்திருந்தாள். சனிக்கிழமை அன்னாள் வீட்டில் அடுப்பு பற்றவைக்கும் வழக்கம் இல்லை. "வாம்மா, இட்லி சாப்பிடலாம்" என்று அவள் காரிலேயே ஏறி வடக்குத்துக்குக் கூட்டிப் போனாள். போய் உட்கார்ந்த பிறகுதான் எங்கே கொண்டுவந்து உட்கார வைத்திருக்கிறோம் என்பது அன்னாளுக்கு உறைத்தது.

இட்லி வந்தது. சண்முகப்ரியா ஒரு விள்ளல் சாப்பிட்டுவிட்டு, பையிலிருந்து கட்டுரையை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"இந்த முப்பத்தோராம் அடிக்குறிப்பு, மேடம். வினோலியா வாயே திறக்கமாட்டேங்குறாங்க. அந்த ஆள் யாருன்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே?"

சாம்பார் வாளியோடு வந்த ஜாஸ்பர் அப்படியே நின்றுவிட்டான். அடுப்பருகே ஆனியின் கை நின்றது. பக்கத்து மேஜையில் சாப்பிட்ட நாலு கான்ட்ராக்ட் ஆட்கள் ஒன்றும் தெரியாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

பதினோரு வருஷம் விலாசம் பிசகாமல் வாசித்த வாய். சைக்கிள் ஸ்டாண்டு வரைக்கும் கேட்கும் குரல். அன்னாள் அவனை நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்த்தால் கண்ணே காட்டிக்கொடுத்துவிடும். இலையைப் பார்த்துக்கொண்டு, பக்கத்து மேஜைக்குக்கூடக் கேட்காத குரலில் சொன்னாள்.

"தெரியும்மா. சொல்லமாட்டேன்."

"பேர் போடமாட்டேன் மேடம். சும்மா ஒரு வார்த்த, என்ன மாதிரி ஆள்னு..."

"அவருகிட்ட கேட்டாச்சு. வேணாம்னுட்டாரு. இட்லி ஆறுது, சாப்பிடு."

சண்முகப்ரியா அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு கட்டுரையை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டாள். அதை அவள் புரிந்துகொண்டதற்கு அன்னாள் மனசுக்குள் நன்றி சொன்னாள்.

வாளி மெதுவாக அருகில் வந்தது. இலையில் சாம்பார் விழுந்தது.

"இன்னொரு இட்லி வைக்கட்டா, அக்கா?" என்று ஜாஸ்பர் கேட்டான்.

வழக்கம் இரண்டுதான். "வைடா" என்றாள் அன்னாள். அந்தக் குரல் அவளுக்கே சரியாகக் கேட்கவில்லை.